ராத்தல் கணக்கு

பீடோரில் ஒரு டயர் கடையில்
பதினெட்டு வருசமாகக் கணக்கு எழுதுகிறேன்.
எழுத்தைவிட எண்ணை நம்புகிறவள்.
அதனால்தான் தம்பி இதை என் தலையில் கட்டினான்:
அப்பாவின் தாத்தா அங்கமுத்து
எப்படிச் செத்தார் என்று பார்.

வீட்டில் சொல்வது, புலி அடித்தது.
எந்தப் புலியும் சட்டையை மடித்து வைத்துவிட்டு
அடிக்காது என்பார் அப்பா.
அதற்குமேல் பேசமாட்டார்.
பதிவிலாகா தந்த தாளில், ஆற்றில் மூழ்கி.
சுங்கை லாடா தோட்டத்து ஆஸ்பத்திரிப் புத்தகத்தில்
1934, ஆகஸ்டு ஒன்பது, காய்ச்சல்.
டிரஸ்ஸர் கையெழுத்து நடுங்காமல் நிற்கிறது.
காய்ச்சல்காரர் ஆற்றுக்குப் போகலாம்.
ஆற்றில் விழுந்தவருக்குக் காய்ச்சலும் வரலாம்.
புலிக்குத்தான் இடமில்லை.

சனிக்கிழமை, தோட்டத்துப் பழைய ஆபீசு.
கித்தா மரமெல்லாம் போய்
செம்பனை லோரிகள் புழுதி கிளப்பும் சாலை.
காவலுக்கு ஒரு நேபாளத்துப் பையன்,
பூட்டுக்கு எண்ணெய் விட்டுத் திறந்தான்.
பிஸ்கட் டின்களுக்குள் செக்ரோல்.
கரையான் சில குடும்பங்களை
முழுதாகத் தின்றிருந்தது.
எங்களை ஓரத்தில் மட்டும் கடித்திருந்தது.

அங்கமுத்து, வெட்டுக்காரன்.
எட்டாம் தேதி வரை
பதினேழு ராத்தல், பதினெட்டு, பதினேழு.
மரத்தோடு சண்டை இல்லாத கை.
ஒன்பது, காலி.
பத்தாம் தேதி
செத்தவர் பெரட்டில் நின்றிருக்கிறார்.
ஆறு ராத்தல்.

நாற்காலி இல்லை. தரையில் உட்கார்ந்தேன்.
கடையில் கணக்கு இடித்தால்
முதலில் என் கண்ணைச் சந்தேகப்படுவேன்,
பிறகு பேனாவை,
கடைசியில்தான் ஆளை.

ஆறு. எட்டு. ஏழு. பதினொன்று.
பதினான்கு, மழை, வேலை இல்லை.
பத்து. பன்னிரண்டு. பன்னிரண்டு.
பதின்மூன்று. பதினைந்து. பதினைந்து.
இருபத்தொன்றில் பெயர்மேல் ஒரு சிவப்புக் கோடு.

கள்ளக்கணக்கு எழுதுகிறவன் இப்படி எழுதமாட்டான்.
எல்லாக் கட்டத்திலும் பதினேழு என்று நிரப்பிவிட்டுப்
பசியாறப் போயிருப்பான்.
இது யாரோ வெட்டப் பழகிய கணக்கு.
முதல் நாள் உளி ஆழம் போய்ப் பட்டை காயப்பட்டு,
மறுநாள் கொஞ்சம் கை அடங்கி,
மூன்றாம் நாள் மறுபடி பயந்து.

புரட்டினேன்.
புல்வெட்டுக் கூட்டம். பாவாயி, அங்கமுத்து பெண்சாதி.
அதே பத்து நாளும் வேலைக்கு வரவில்லை.
சம்பளத்தாளில் அவர் பெயருக்கு நேரே
ஜூலையில் அகலமாய், மசி வழிய ஒரு பெருவிரல்.
ஆகஸ்டில் அதில் பாதி.

ஆணுக்கு நாற்பது காசு, பெண்ணுக்கு முப்பத்திரண்டு.
பத்து நாளைக்கு எண்பது காசு வித்தியாசம்.
எண்பது காசுக்காகவா?
லயத்து வீடு அவர் பெயரில் இருந்தது.
ஐந்து மாதத்தில் ஒரு பிள்ளை இருந்தது, என் தாத்தா.
வேலை சுருங்கிய வருசம்,
ஆளில்லாதவளை அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள்.
கிராணிக்குத் தெரியாமல் நடந்திருக்காது.
அவன் பங்கு எவ்வளவு, அதற்குக் கட்டமில்லை.

இல்லை, வேறெதையோ மறைத்தாளா?
அந்தச் சட்டையை மடித்தது யார்?
ஆற்றங்கரையில் ஒரு பெண் குனிந்து
கையை மட்டும் மடித்து, பொத்தான் போட்டு...
நான் எண்ணை நம்புகிறவள், இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.
மடித்ததற்கு ராத்தல் கிடையாது.

நாலு மணி மழை தகரத்தில் இறங்கியது.
பூட்டணும் அக்கா, என்றான் பையன் மலாயில்.
வாசல் ஓரமாய் நின்று தம்பிக்கு அனுப்பினேன்,
வேறு எப்படிச் சொல்வதென்று தெரியாமல்:
6, 8, 7, 11, 10, 12, 12, 13, 15, 15.

உடனே பதில் வந்தது.
தாத்தா கனவுல வந்தாராக்கா?
இதுல எந்த நாலு நம்பர்?
கடை அஞ்சரைக்கு அடைச்சிருவான்,
எடுக்கவா?